ஐவி அக்காவின் சைவ்ஸ் சட்டி

தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் சண்டை திரும்பவும் தொடங்கியபோது, குச்சவெளிச் சனம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடியது. ஒருத்தி தையல் மெஷினைத் தூக்கினாள். ஒருவர் ஆட்டை இழுத்துக்கொண்டு வந்தார். பூரணி தூக்கிக்கொண்டு வந்தது இரண்டு பெரிய கட்டு விதை வெங்காயம். பாதி வழியில் கணவன் குலசிங்கம் திரும்பிப் பார்த்து, "உடுப்புப் பை எங்கையப்பா?" என்று கேட்டபோதுதான் அப்படி ஒன்று இருந்ததே அவளுக்கு ஞாபகம் வந்தது.

"உடுப்பு ஆரும் தருவினம். விதை வெங்காயம் ஆர் தருவினம்?" என்றாள்.

பாவம் மனிதர். வெங்காயக் கட்டு ஒன்றை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு உப்புவெளிவரை நடந்தார்.

உப்புவெளியில் ஒரு குறுகிய ஒழுங்கைக்குள் கிடுகு வேய்ந்த கொட்டில் ஒன்று கிடைத்தது. வெங்காயக் கட்டுகள் முகட்டுக் கம்பில் ஏறின. குலசிங்கம் துறைமுகத்தில் மூட்டை இறக்கப் போவார். பின்னேரம் வந்து வெங்காயமே இல்லாத சம்பலோடு சோற்றைப் பிசைந்துகொண்டு மேலே பார்ப்பார். அந்தப் பார்வை என்ன பார்வை என்று பூரணிக்குத் தெரியும்.

"அங்கை என்ன பார்வை? சோத்தைப் பாத்துச் சாப்பிடுங்கோ."

"ஒண்டே ஒண்டு, பூரணி. வாசத்துக்கு."

"கை வைச்சுப் பாருங்கோ, அதுக்குப் பிறகு தெரியும்!"

அவள் கஞ்சப்பிசினாறி இல்லை. வெங்காயம் நடுகிற வீட்டில் பிறந்து, வெங்காயம் நடுகிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். ஆவணி முடிவதற்குள் அந்த விதை மண்ணுக்குள் போகவேண்டும். பிந்தி நட்டால் காய் முத்தும் நேரத்தில் மாரி வந்து எல்லாவற்றையும் அழுகப்பண்ணிவிடும். நடாமல் முகட்டிலேயே விட்டால், உள்ளே ஒன்றுமில்லாத சருகாகிவிடும். ஊரும் இல்லை, காணியும் இல்லை, இருக்கிறது இந்த இரண்டு கட்டுத்தான். இதுவும் போனால் குலசிங்கம் சாகும்வரை மூட்டை சுமக்க வேண்டியதுதான், அவள் சாகும்வரை ஊரார் வீட்டுப் படுக்கைவிரிப்புத் தோய்க்க வேண்டியதுதான். அதை நினைத்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

படுக்கைவிரிப்பு என்றது ஐவி அக்கா வீட்டுப் படுக்கைவிரிப்பைத்தான். ஐவி அக்கா கடற்கரைப் பக்கம் சின்னதாக ஒரு கெஸ்ட் ஹவுஸ் வைத்திருந்தா. புருஷன் சிறில் பெரிய ஹோட்டலில் குக்காக இருந்து காலமானவர். பூரணி அங்கே கூட்டித் துடைக்கவும் உடுப்புத் தோய்க்கவும் போவாள். போன முதல் நாளே அவளுடைய கண் வீட்டுக்குப் பின்னால் இருந்த வேலியில் போய் நின்றுவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு துண்டுக் காணி. வெள்ளை மணல், முழங்கால் அளவு புல், நடுவில் ஒரு கிணறு. வறண்ட கச்சான் காற்று அடித்து ஒழுங்கைக் கிணறெல்லாம் உவர்த்துப் போன நேரத்திலும் அந்தக் கிணற்றுத் தண்ணீர் இளநீர் போல இருந்தது. வேலிப் படலையில் ஒரு ஆமைப்பூட்டு தொங்கியது. திறப்பு ஐவி அக்காவின் இடுப்பில்.

பூரணி கேட்டாள். ஒருமுறை இல்லை, தோய்க்கிற ஒவ்வொரு விரிப்புக்கும் ஒருமுறை கேட்டாள்.

"அது சிறில் தோட்டம் செய்த இடம். ஆரும் கண்டபடி இறைச்சுக் கிணறு உவர்த்துப் போச்சுதெண்டால்? உனக்குப் பயிர் பாக்கத் தெரியுமோ, இல்லாட்டிச் சும்மா வாய்தானோ எண்டு எனக்கெப்பிடித் தெரியும்?" என்று ஐவி அக்கா ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தா.

அப்போதுதான் கொழும்பில் ஐவி அக்காவின் மகளுக்குப் பிள்ளைப்பேறு என்று செய்தி வந்தது. கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்த இரண்டு வெளிநாட்டு டாக்டர்மாரும் மூதூர்ப் பக்கம் போயிருந்தார்கள். ஐவி அக்கா கதவுகளைப் பூட்டி, பெட்டியைக் கட்டி, வாடகை வானுக்குள் ஏறப்போகிற நேரத்தில் குசினி ஜன்னலில் இருந்த ஒரு மண்சட்டியைக் கொண்டுவந்து பூரணியின் கையில் வைத்தா.

சட்டி நிறையப் பச்சை. வெங்காயத் தாள் போலத்தான், ஆனால் கோரைப் புல்லைவிட மெல்லிசு. சிறில் நுவரெலியாவில் வேலை செய்த காலத்தில் கொண்டுவந்து பிழைக்கவைத்த சைவ்ஸ். காலையில் இதில் கொஞ்சத்தைப் பொடியாக நறுக்கி முட்டை ஒம்லட்டில் போட்டுக் கொடுத்தால்தான் அந்த டாக்டர்மாருக்கு விடியும். பூரணி அதற்கு வைத்த பெயர் 'ஐவி அக்காவின்ர புல்லு'.

"நான் வரேக்க இது இப்பிடியே பச்சையா நிண்டுதெண்டால் கிணத்தடிக் காணியில நீ வெங்காயம் நடு. வாட விட்டியோ, அதுக்குப் பிறகு காணிக் கதை கதைக்கப்படாது. சரியோ?"

பூரணிக்குத் தலைகால் புரியவில்லை. "சரி அக்கா!"

"கேள் பிள்ளை, இது வெங்காயம் மாதிரி..."

"அக்கா, வெங்காயக்காரிக்கே தாள் பாக்கச் சொல்லித் தாறீங்களோ? நீங்கள் போய் மகளைப் பாருங்கோ!"

ஐவி அக்கா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தா. சோதனைச் சாவடி மூடமுதல் போய்ச் சேரவேண்டும் என்று டிரைவர் ஹோர்ன் அடித்தான். வான் போய்விட்டது. அந்த அரைவாசி வசனம் ஒழுங்கைப் புழுதியோடு போயிற்று. எங்கள் பூரணியின் வாய் இருக்கிறதே, அதற்கு ஒரு பூட்டுப் போட்டிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

வெங்காயத்துக்கு வெயில் வேண்டும். ஆகவே சட்டியை நடு முற்றத்தில், நல்ல வெயிலில் வைத்தாள். கொட்டில் கிணற்றுத் தண்ணீரை அள்ளிக் காலையும் பின்னேரமும் ஊற்றினாள். அந்தத் தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கும். பயிருக்கு என்ன வாயா இருக்கிறது என்று நினைத்தாள். கச்சான் விடாமல் அடித்தது. கொஞ்ச நாளில் தாள்களின் நுனி மண்ணிறமானது. பிறகு மஞ்சளானது. பிறகு ஒவ்வொன்றாகக் கழுத்து மடிந்து சட்டி விளிம்பில் சரிந்தது.

குலசிங்கம் ஒருநாள் குனிந்து பார்த்தார். "இஞ்சேரப்பா, உது வாடிப்போய்க் கிடக்குது போல."

"வாடேல்லை. முத்துது!" பூரணியின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "தாள் சரிஞ்சால் என்ன அர்த்தம்? கீழை காய் முத்திப்போச்சு. இனித் தண்ணி நிப்பாட்டவேணும்."

குலசிங்கமும் வெங்காயக்காரர்தான். "அட, ஓமென்ன!" என்று தலையாட்டினார். குச்சவெளியில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லும். தாள் சரிந்தால் தண்ணீரை நிறுத்து, மண் காய விடு, பிறகு பிடுங்கு. பூரணி தண்ணீரை நிறுத்தினாள். ஐவி அக்கா வந்ததும் ஒரு பிடி புது வெங்காயத்தைக் கையில் கொடுத்து அசத்தவேண்டும் என்று மனக்கோட்டை வேறு கட்டினாள்.

சட்டி மண் கல்லாகக் காய்ந்த ஒரு காலையில் பிடுங்கினாள். முழுக்கட்டும் ஒரேயடியாகக் கையோடு வந்தது. மண்ணைத் தட்டினாள். தட்டித் தட்டிப் பார்த்தாள். காயைக் காணோம். பென்சில் தடிப்புக்குக்கூட ஒன்றும் இல்லை. தையல் நூல் போல வெள்ளை வேர்கள், அதற்கு மேலே நகக்கண் அளவு குருத்து, அவ்வளவுதான்.

"ஐயோ கடவுளே!" என்று அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

இது காய் வைக்கிற சாதியே இல்லை. வெட்ட வெட்டத் தாள் தருகிற சாதி. முத்தவில்லை, செத்துக்கொண்டிருந்தது. அவள்தான் தண்ணீரை நிறுத்திக் கொல்லப் பார்த்திருக்கிறாள். வெங்காயக்காரியாம் வெங்காயக்காரி! தன் கன்னத்தில் தானே இரண்டு போடவேண்டும் போல அவளுக்கு இருந்தது. அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது, ஆத்திரம்தான் கூட வந்தது.

குலசிங்கம் வந்து பார்த்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு வழி இருக்கு," என்றார். "கட்டில இருந்து நாலு வெங்காயத்தை இந்தச் சட்டிக்குள்ள நெருக்கி நட்டுவிடு. அவ வரமுதல் தாள் வந்திடும். ஐவி அக்காவுக்குக் கண்ணும் மங்கல். டாக்டர்மாருக்கு உது புல்லோ வெங்காயமோ எண்டு தெரியவா போகுது?"

பூரணி முகட்டுக் கட்டுகளைப் பார்த்தாள். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். கொஞ்ச நேரம் நன்றாகவே பார்த்தாள்.

"ஏலாது," என்றாள் பிறகு. "ஏமாத்தி வாங்கின மண்ணில அந்த விதையை நட எனக்கு மனம் வராது. இதை நான்தான் வாட்டினனான், நானே நிமித்துறன்."

"செத்ததை எப்பிடியப்பா நிமித்துவாய்?"

"செத்துப்போச்சுதெண்டு ஆர் சொன்னது?"

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் தெரியாது. பிடுங்கிய சைவ்ஸைக் கட்டோடு மடியில் வைத்து ஒவ்வொரு குருத்தாக நகத்தால் கீறிப் பார்த்தாள். கடதாசி போல உரிந்தால் அது போனது. ஈரமாக, வெள்ளையாக, மூக்கில் வெங்காய மணம் ஏறினால் அது இருக்கிறது. முக்கால்வாசி போய்விட்டது. கால்வாசி கண்ணைக் கரித்தது. வாழ்க்கையில் வெங்காயம் கண்ணைக் கரித்து அவள் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

சட்டிக்குள் கிடந்த மண்ணை உடைத்தபோது இன்னொன்றும் விளங்கியது. மண் செங்கல்லாக இறுகிக் கிடந்தது. இத்தனை நாள் ஊற்றிய தண்ணீர் பெரும்பாலும் ஓரத்தால் வழிந்து அடியால் போயிருக்கிறது, நடுவேருக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் போயிருக்கிறது. சட்டி விளிம்பில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு! அவள் ஊற்றின உவர்த் தண்ணீரின் உப்பு.

"அப்ப நான் குடிக்கக் குடுத்ததும் நஞ்சுதான்," என்று வாய்விட்டே சொன்னாள்.

ஒழுங்கை முனையில் அசனா என்ற முஸ்லிம் பெண்ணின் வீடு இருந்தது. அவளுடைய கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர் ஊறும், அதுவும் கொஞ்சம்தான். ஊரடங்கு தளர்த்துகிற நேரத்தில் சனமெல்லாம் கடைக்கும் சந்தைக்கும் ஓட, பூரணி வாளியோடு அசனா வீட்டுக்கு ஓடினாள். முதல் நாள் அசனா தண்ணீரை அள்ளிக் கொடுத்தாள். இரண்டாம் நாள் எதற்கென்று கேட்டாள். பூரணி உள்ளதைச் சொன்னதும் அசனா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

"மனிசருக்கே குடிக்கத் தண்ணி இல்ல. நீ புல்லுக்குத் தண்ணி அள்ளுற! ஒனக்கு என்ன விசரா புள்ள?"

"ஓம் விசர்தான். ஒரு வாளி தருவீங்களோ, மாட்டீங்களோ?"

"அள்ளு, அள்ளு. நான் மாட்டன் எண்டால் நீ கிணத்துக்குள்ள இறங்கிருவ போல இருக்கே."

உயிரோடு இருந்த குருத்துகளைக் கழுத்தளவு நல்ல தண்ணீரில் நிறுத்தி, கொட்டிலின் நிழல் பக்கத்தில் ஒரு பகல் முழுக்க வைத்தாள். காற்று படாமல் ஈரச் சாக்கால் மூடினாள். பிறகு மணலும் மக்கிய சாணியும் கலந்து, அடியில் ஆணியால் துளை போட்ட பால்மாத் தகரப் பேணிகளை நிரப்பினாள். ஒரு பேணிக்கு ஒரு சின்னப் பிடியாகப் பிரித்து, மூச்சு விட இடம் விட்டு நட்டாள். மிச்சம் இருந்த மஞ்சள் தாளைப் பார்த்தாள். விதை வெங்காயம் நடும்போது தலையைச் சீவித்தானே நடுகிறோம், சீவினால்தானே முளை கெதியாக வரும் என்று யோசித்தாள். ஒருமுறை வெங்காயக் கணக்குப் போட்டுத்தான் இந்த நிலைக்கு வந்தாள். இரண்டாம் முறையும் அதே கணக்கைப் போடுவதா? ஆனாலும் இரண்டு விரல்கடை விட்டு எல்லாத் தாளையும் வெட்டினாள்.

துறைமுகப் பக்கம் ஷெல் அடிக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் குலசிங்கம் வந்து சேரும்வரை அவளுக்கு உயிர் இருக்காது. அந்த நேரத்தில் பேணிகளுக்கு முன்னால் குந்தியிருப்பாள். காலையில் ஒரு சிரட்டைத் தண்ணீர், பேணிக்கு நடுவில், மெதுவாக. வெயில் ஏறினால் பேணிகளை உள்ளே எடுப்பாள், சரிந்தால் வெளியே வைப்பாள். பச்சைப் பிள்ளைக்காரி கூட இத்தனை தடவை எழும்பி இருக்கமாட்டாள். முதலில் ஒன்றும் வரவில்லை. இரண்டு பேணி அழுகியே போயிற்று. குலசிங்கம் அந்த இரண்டையும் எடுத்துக் கொட்டிவிட்டு வந்தார். பிறகு ஒரு காலையில், மிச்சப் பேணிகளில் ஒன்றில் வெட்டிய வாயின் நடுவிலிருந்து ஊசி முனை போல ஒரு பச்சை நின்றது.

"இஞ்சருங்கோ! ஓடி வாங்கோ! இஞ்சருங்கோ!"

ஏதோ நடந்துவிட்டது என்று மனிதர் பாதி மழித்த முகத்தோடு ஓடிவந்தார். பிறகு இருவரும் குந்தியிருந்து அந்தப் பச்சையைப் பார்த்தார்கள்.

ஐவி அக்காவும் டாக்டர்மாரும் திரும்பி வந்தபோது பேணிகளில் தாள் ஒரு விரல் நீளத்துக்கு நின்றது. பூரணி அவற்றை ஒரு பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டு கெஸ்ட் ஹவுஸுக்குப் போனாள். ஐவி அக்கா முன் விறாந்தைக் கதிரையில் இருந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெட்டிக்குள் எட்டிப் பார்த்தா.

"இதென்ன? என்ர சட்டி எங்கை?"

பூரணி பெட்டியை நிலத்தில் வைத்தாள். ஆனால் தலை குனியவில்லை. "அக்கா, தாள் சரிஞ்சதைக் கண்டிட்டு முத்திப்போச்சுதெண்டு தண்ணியை நிப்பாட்டினனான். பிறகு பிடுங்கிப்போட்டன்."

"பிடுங்கினியோ!" ஐவி அக்கா கதிரையை விட்டு எழும்பிவிட்டா. "சிறிலின்ர கையால வைச்ச பயிரை, பிடுங்கினியோ? வெங்காயம் மாதிரிக் காய் வைக்காது எண்டு சொல்ல வந்தனான், நீ என்னைச் சொல்ல விட்டியோ? இஞ்ச பார், சட்டி நிறைய நிண்டது, நாலு பேணி மயிர் மாதிரி! உன்னை நம்பி அந்தக் கிணத்தை நான் எப்பிடித் தாறது?"

நியாயமான கேள்விதான். அதுதான் பூரணிக்கு வலித்தது. படலை ஆமைப்பூட்டு அவள் கண்முன்னே பெரிதாகிக்கொண்டே போனது. கெஞ்சலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். கெஞ்சி என்ன சொல்வது?

"அக்கா, கத்தரிக்கோலை ஒருக்காத் தாங்கோ."

"எதுக்கு?"

"தாங்கோவன்."

வாங்கினாள். நின்ற நிலையிலேயே பெட்டிக்குள் குனிந்து, இத்தனை நாள் சிரட்டைத் தண்ணீரில் வளர்த்த அத்தனை தாளையும், ஒரு பேணி மிச்சம் விடாமல், ஒட்ட வெட்டினாள். ஐவி அக்கா "ஏய், ஏய்!" என்று கத்தியது அவளுக்குக் கேட்கவே இல்லை. வெட்டியதைச் சேர்த்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதை நாளைக்கு டாக்டர்மாருக்கு முட்டைக்குப் போடுங்கோ. வாற ஞாயிறு பூசை முடிய என்ர கொட்டிலுக்கு வந்து பாருங்கோ. இந்தப் பேணியில இதே அளவுக்குத் தாள் நிக்கேல்லையெண்டால், அக்கா, நான் காணிக் கதை இனிக் கதைக்கமாட்டன். உங்கட விரிப்பைத் தோய்ச்சுக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருப்பன்."

ஐவி அக்கா கையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தா. பிறகு தாளைப் பொத்திப் பிடித்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டா.

"விசரி," என்றார் குலசிங்கம், கேள்விப்பட்டதும். "உயிரோட நிண்டதையும் வெட்டிப்போட்டு வந்து நிக்கிறாய்."

"இது வெட்டினால் வளருற சாதி. இப்ப எனக்குத் தெரியும்," என்றாள் பூரணி. தெரியும் என்று சொன்னாளே தவிர, அந்தக் கிழமை முழுக்கச் சோறு இறங்கவில்லை. முகட்டில் வெங்காயம் ஒன்று தன்பாட்டில் முளைவிட்டிருந்தது. மண் இல்லாமலே முளைக்கிறது, இன்னும் எத்தனை நாள் பொறுக்கும்? அதைப் பார்க்காமல் பேணிகளைப் பார்த்தாள். பேணிகள் ஏமாற்றவில்லை. தாள் முன்னையதைவிடத் தடிப்பாக, கூட்டமாக எழும்பியது.

ஞாயிறு வந்தது. பூசை இல்லை. ஏனென்றால் விடியக்காலையே ஊரடங்கு போட்டுவிட்டார்கள். ஒழுங்கையில் ஒரு நாய் கூட நடமாடவில்லை. பூரணி அன்று முழுக்க வாசல் தட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ எப்பிடியப்பா வருவா?" என்று குலசிங்கம் தேற்றினார். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் பார்த்தாள்.

மறுநாள் ஊரடங்கு தளர்ந்ததுதான் தாமதம், பெட்டியைத் தலையில் தூக்கினாள். வராவிட்டால் என்ன, கண்ணுக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கிறேன் என்று விறுவிறுவென்று நடந்தாள். கெஸ்ட் ஹவுஸ் முன் விறாந்தையில் ஆளில்லை. கூப்பிட்டாள், பதிலில்லை. வீட்டைச் சுற்றிப் பின்னால் போனாள்.

படலை திறந்து கிடந்தது. ஆமைப்பூட்டு திறப்போடு சேர்ந்து வேலிக் கம்பில் தொங்கியது. உள்ளே ஐவி அக்கா சட்டையை இடுப்பில் சொருகிக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்கி, மண்வெட்டியால் புல்லைச் செருக்கிக்கொண்டு நின்றா. கிணற்றைச் சுற்றி ஒரு பாய் அளவு இடம் வெள்ளை மணலாகத் தெரிந்தது.

"என்ன இவ்வளவு நேரம்?" என்று திரும்பாமலே கேட்டா. "ஆவணி உனக்காகப் பாத்துக்கொண்டு நிக்குமே?"

பூரணி பெட்டியோடு படலைக்குள் வந்தாள். "அக்கா... நீங்கள் இன்னும் பேணியைப் பாக்கேல்லையே."

"என்னத்தைப் பாக்கிறது? அண்டைக்கு நீ கத்தரிக்கோல் கேட்டாயே, அப்பவே முடிவெடுத்திட்டன். சும்மா ஒரு கிழமை கிடந்து தவிக்கட்டுமெண்டு விட்டனான். சொல்லச் சொல்லக் கேளாத வாய்க்கு அந்தத் தண்டனை காணும்."

"இல்லை அக்கா. பாக்கவேணும்." பூரணி பெட்டியை இறக்கி அவவின் காலடியில் வைத்தாள். "பாத்திட்டுத் தாங்கோ."

ஐவி அக்கா மண்வெட்டியை விட்டுவிட்டுக் குனிந்தா. ஒரு தாளை நுள்ளி வாயில் போட்டு மென்றா. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தா. துடைக்க நிறைய நேரம் எடுத்தது.

"சிறில் கூட இதைப் பிரிச்சு நடேல்லை," என்றா கடைசியில். "போ. போய் உன்ர வெங்காயத்தைக் கொண்டு வா."

பூரணி ஒழுங்கை முழுக்க ஓடினாள். குலசிங்கம் வேலைக்குப் போக வெளிக்கிட்டு நின்றார். பூரணி அவரைத் தாண்டி உள்ளே ஓடினாள். கதிரையில் ஏறி இரண்டு கட்டையும் அவிழ்த்து, ஒன்றை அவர் கைகளில் வைத்துவிட்டு, மற்றதைத் தான் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த மனிதருக்கு விளங்கிவிட்டது. தோளில் கிடந்த சாக்கைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டு அவளுக்கு முன்னால் நடந்தார்.

மத்தியானம்வரை மூன்று பேருமாகப் பாத்தி கட்டினார்கள். பேணிகளைக் கிணற்றடி நிழலில் வரிசையாக வைத்தார்கள். பூரணி குந்தியிருந்து ஒவ்வொரு விதை வெங்காயமாகத் தலையைச் சீவி ஊன்றிக்கொண்டு போனாள். ஐவி அக்கா கிணற்றுக் கட்டில் இருந்து முதுகைப் பிடித்துக்கொண்டு பார்த்தா.

"பிள்ளை."

"என்னக்கா?"

"இதை மட்டும் முத்தின பிறகு பிடுங்கு, என்ன."

குச்சவெளியை விட்டு வந்த நாளிலிருந்து பூரணி வாய்விட்டுச் சிரித்ததே இல்லை. இப்போது கையில் மண்ணோடு, கன்னத்தில் காயாத கண்ணீரோடு, வயிறு நோகச் சிரித்தாள்.

"ஓம் அக்கா," என்றாள். அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.